கோடையில் ஒரு கட்டு வைக்கோல்

ஜவ்வாது மலைக்குத் தெற்கே உள்ள செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. அவற்றுள் ஒன்று எடுத்தனூர் என்னும் ஊரில் கிடைத்தது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் ஆட்சிக் காலத்தில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடப்பட்ட கல் அது. தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட ஒரு வீரனின் உருவம் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அவனருகே ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. எருமைக்காக மனிதன் உயிர் கொடுத்தான். மனிதனுக்காக நாய் போரிட்டது. இரண்டையும் மறவாமல் ஊரார் கல் நாட்டினர்.

இன்று அம்மலையடிவாரத்தில் ஆநிரை கவர வருவோர் யாரும் இல்லை. ஆயினும் மாடுகள் பட்டியை விட்டுப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு செல்வது வறட்சி. தீவனம் இல்லாத கோடையில், பிள்ளையைப் போல வளர்த்த மாட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு வெறுங்கையோடு நிற்கும் குடும்பங்கள் பல. இக்குடும்பங்களுக்கு மற்றவர்கள் செய்யக்கூடிய உதவி என்ன? பணமா? புதிய மாடா? பெரும்பாலான வேளைகளில் இவை இரண்டையும்விடப் பயன் தருவது, உரிய நேரத்தில் கொடுக்கப்படும் ஒரு கட்டு வைக்கோலே. அது ஏன் என்பதையும், அந்த வைக்கோலை எப்படிக் கொடுத்தால் மாடு பிழைக்கும், எப்படிக் கொடுத்தால் மாடு சாகும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

மலைக் குடும்பத்தில் மாட்டின் இடம்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் அது பரந்து கிடக்கிறது. மலைமேல் உள்ள முக்கிய ஊர் ஜமுனாமரத்தூர். வானியல் ஆய்வுக்குப் புகழ்பெற்ற காவலூரும் இம்மலைத்தொடரில்தான் இருக்கிறது. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். சாமை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களையே இவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வருகின்றனர். பலாவும் புளியும் தேனும் இம்மலையின் பிற செல்வங்கள்.

சரிவான சிறு வயல்களில் டிராக்டர் ஏறுவது கடினம். அங்கே ஏர் இழுப்பது எருது. எருவைத் தருவது மாடு. அவசரச் செலவுக்குக் கைகொடுப்பது ஆடு. சாமை முற்றும் பருவத்தில் காட்டுப்பன்றி வந்தால் குரைத்து எழுப்புவது நாய். எனவே இங்கே ‘வளர்ப்புப் பிராணி’ என்ற சொல்லுக்கு நகரத்தில் உள்ள பொருள் முழுவதும் பொருந்தாது. பெயர் சொல்லி அழைக்கப்படும் செல்லப் பிராணியும் அதுதான். குடும்பத்தின் சேமிப்பும் அதுதான்.

மழை பெய்யும் மாதங்களில் தீவனத்துக்குக் கவலை இல்லை. கார்த்திகை, மார்கழி வரையிலும் புல் இருக்கும். சாமை அறுவடைக்குப் பின் அதன் தாள் இருக்கும். மாசி பிறந்ததும் புல் காயத் தொடங்குகிறது. பங்குனி, சித்திரையில் சரிவுகள் வெறும் பாறையும் மண்ணுமாகக் காட்சியளிக்கின்றன. வழக்கமான ஆண்டில் இந்த இரண்டு மூன்று மாதங்களை எப்படியோ கடத்திவிடுகிறார்கள். மழை பொய்த்த ஆண்டில் அது இயல்வதில்லை.

2016-ஆம் ஆண்டு அப்படிப்பட்ட ஆண்டு. தமிழ்நாட்டில் அவ்வாண்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பான அளவைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. இத்தகைய வறட்சிக் காலங்களில் கால்நடை பராமரிப்புத் துறை உலர்தீவனக் கிடங்குகளைத் திறந்தது. வைக்கோல் கிலோ 2 ரூபாய் என்ற மானிய விலையில், ஒரு மாட்டுக்கு நாள் ஒன்றுக்கு 3 கிலோ வீதம், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 5 மாடுகளுக்கு வழங்கப்பட்டது. ஐந்து மாடு உள்ளவர் வாரத்துக்கு 105 கிலோ பெறலாம்.

மகாராஷ்டிரத்தில் வேறொரு முறை கையாளப்படுகிறது. அங்கு வறட்சிக் காலத்தில் ஊருக்கு ஊர் தீவன முகாம்கள் அமைக்கப்படுகின்றன. விவசாயி தன் மாட்டை முகாமுக்கு ஓட்டிவந்து, அங்கேயே ஒரு கொட்டகை போட்டுத் தங்கி, மாட்டுக்கு வழங்கப்படும் தீவனத்தையும் தண்ணீரையும் தன் கையாலேயே ஊட்டுகிறார். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் இத்தகைய முகாம்கள் ஆயிரத்துக்கும் மேல் நடைபெற்றன. இவ்விரு முறைகளிலும் பொதுவான ஓர் அம்சத்தைக் கவனிக்க வேண்டும். மாடு உரியவரிடமே இருக்கிறது; தீவனம் மட்டுமே வெளியிலிருந்து வருகிறது.

ஒரு கணக்கு

விற்றுவிட்டுப் பிறகு வாங்கிக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம்.

250 கிலோ எடையுள்ள ஒரு நாட்டு மாட்டை எடுத்துக்கொள்வோம். வேலையும் பாலும் இல்லாமல் உயிரோடு இருக்க மட்டும், அதற்கு உடல் எடையில் சுமார் 2 சதவீதம் உலர் தீவனம் தேவை. அதாவது 5 கிலோ. வைக்கோலிலும் சிறிது ஈரம் இருப்பதால் ஐந்தரைக் கிலோ என்று கொள்ளலாம். 90 நாட்களுக்குச் சுமார் 500 கிலோ, அதாவது அரை டன் ஆகிறது. மலைமேல் கொண்டு சேர்க்கும் கூலியும் சேர்த்துக் கிலோவுக்கு 10 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், செலவு 5,000 ரூபாய்.

இனி மறுபக்கம். நல்ல காலத்தில் அம்மாட்டின் விலை 30,000 ரூபாய் என்று கொள்வோம். வறட்சியில் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க முனைகிறார்கள். மாடும் எலும்பும் தோலுமாக இருக்கிறது. பாதி விலை கிடைத்தாலே பெரிது. மழை பெய்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வாங்க முனைகிறார்கள். விலை ஏறுகிறது. 15,000 ரூபாய்க்கு விற்றதை 30,000 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். நட்டம் 15,000 ரூபாய். வைக்கோலுக்கு ஆகும் செலவைப்போல் மூன்று மடங்கு. இது நாம் வைத்துக்கொண்ட கணக்குத்தான். ஆனால் ஆப்பிரிக்க நாடுகளில் வறட்சி நிவாரணத்தை ஆராய்ந்தவர்களும் இதே திசையைத்தான் காட்டுகின்றனர். இருக்கும் மந்தைக்குத் தீனி கொடுத்துக் காப்பதைவிட, இழந்த மந்தையை மீண்டும் வாங்கித் தருவதற்குக் குறைந்தது மூன்று மடங்கு செலவாகிறது என்று அவர்கள் கண்டனர். 2009-இல் முதன்முதலாக வெளிவந்த கால்நடை அவசரகால உதவிக்கான பன்னாட்டு வழிகாட்டி நூல், தீவன உதவியை முக்கிய வழிகளில் ஒன்றாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணத்தில் அடங்காத நட்டமும் உண்டு. ஆடியில் விதைக்க வேண்டிய நேரத்தில் எருது இல்லையென்றால் நிலம் தரிசாகக் கிடக்கும். பாதை தெரிந்து மேய்ந்து, மாலையில் தானே வீடு திரும்பும் மாட்டுக்கு ஈடாகச் சந்தையில் வாங்கிய மாடு ஆகாது. மலைச் சரிவில் பழகிய கால்களை விலைக்கு வாங்க முடியாது.

வைக்கோலை உண்பது யார்?

வைக்கோல் மாட்டின் உணவு என்று நாம் சொல்கிறோம். உண்மையில் வைக்கோலை உடைத்துச் செரிக்கும் நொதிகளை மாட்டின் உடல் சுரப்பதில்லை. தாவரத் தாளின் பெரும்பகுதி செல்லுலோஸ் என்னும் பொருள். அதை உடைப்பவை மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளே. அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் நான்கு அறைகள் உள்ளன. முதல் அறை மிகப் பெரியது. பெரிய பசு ஒன்றில் அது 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ் வெப்பமும், காற்றில்லாத சூழலும் கொண்ட அந்த அறை ஓர் உயிருள்ள ஊறல் தொட்டி எனலாம். அதிலுள்ள நீரில் ஒரு மில்லி லிட்டரில் மட்டும் ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட பாக்டீரியாக்கள் வாழ்கின்றன.

இப்பாக்டீரியாக்கள் செல்லுலோஸை உடைத்துச் சில எளிய அமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வமிலங்கள் இரைப்பைச் சுவரின் வழியே இரத்தத்தில் கலந்து மாட்டுக்கு ஆற்றலைத் தருகின்றன. பின்னர் அந்தப் பாக்டீரியாக்களே அடுத்த அறைகளுக்குத் தள்ளப்பட்டு, அங்கே செரிக்கப்பட்டு, மாட்டுக்குப் புரதமாகின்றன. ஆகவே மாட்டுக்குத் தீனி போடுவது என்றால், முதலில் அதன் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகளுக்குத் தீனி போடுவது என்றே பொருள்.

இங்குதான் வைக்கோலின் குறை வெளிப்படுகிறது. நுண்ணுயிரிகள் பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும். தீவனத்தில் சுமார் 7 சதவீதம் புரதம் இருந்தால்தான் அவை நன்கு இயங்கும். நெல் வைக்கோலிலோ 3 முதல் 4 சதவீதம்தான் உள்ளது. இந்த நிலையில் நுண்ணுயிரிகள் குறைகின்றன. தாள் செரிக்காமல் இரைப்பையிலேயே தங்குகிறது. வயிறு நிறைந்திருப்பதால் மாடு மேலும் உண்ண மறுக்கிறது. வைக்கோல் குவியலின் அருகிலேயே படுத்து மாடு மெலிந்து சாவதற்குக் காரணம் இதுவே. ‘தீனி போட்டும் தேறவில்லை’ என்று உரியவர் வருந்துவார். தீனி மாட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதுதான் உண்மை.

வைக்கோலோடு என்ன கொடுக்க வேண்டும்?

இக்குறையைப் போக்க மூன்று எளிய வழிகள் உண்டு.

முதலாவது வழி, புரதம் மிகுந்த தாளைக் கலந்து கொடுப்பது. திருவண்ணாமலை மாவட்டத்தின் சமவெளிகளில் நிலக்கடலை பெருமளவு பயிராகிறது. நன்கு உலர்ந்த நிலக்கடலைக் கொடியில் புரதம் ஏறத்தாழ 10 சதவீதம். 4 சதவீதம் புரதமுள்ள வைக்கோலையும் 10 சதவீதம் புரதமுள்ள கடலைக்கொடியையும் சம எடையில் கலந்தால் சராசரி என்ன? 7 சதவீதம்! நமக்கு வேண்டிய அளவு அதுவே. போளூரிலும் செங்கத்திலும் அறுவடை முடிந்து களத்தில் கிடக்கும் கொடி, மலைமேல் ஒரு மாட்டின் உயிர்.

இரண்டாவது வழி, மரத்தழை. புல் காய்ந்தாலும் ஆழ வேரோடிய மரங்கள் கோடையிலும் தழைத்திருக்கும். உலர்ந்த அகத்தி இலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. பலா இலையை ஆடுகள் விரும்பி உண்ணும். ஒரு மாட்டுக்கு நாள்தோறும் இரண்டு மூன்று கிலோ பசுந்தழை கிடைத்தாலும் வைக்கோலின் செரிமானம் உயர்ந்துவிடும். எனவே வேலியோரத்தில் அகத்தி நடுவதும் ஒருவகைச் சேமிப்பே.

மூன்றாவது வழி, யூரியா ஊட்டிய வைக்கோல். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 40 முதல் 65 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து அழுத்தி, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு 21 நாட்கள் மூடி வைக்க வேண்டும். அந்நாட்களில் யூரியா சிதைந்து அம்மோனியாவாகிறது. அம்மோனியா, தாளில் செல்லுலோஸை இறுகப் பிணைத்துள்ள லிக்னினின் கட்டுகளைத் தளர்த்துகிறது. நைட்ரஜனும் தாளில் சேர்கிறது. வைக்கோலின் புரத மதிப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. கொடுக்குமுன் சிறிது நேரம் ஆறவிட்டால் அம்மோனியா நெடி குறையும்.

இம்முறைக்குக் கண்டிப்பான சில விதிகள் உண்டு. யூரியாவை அளவுக்கு மேல் சேர்க்கக் கூடாது. கரைசலை மாடு குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பசித்த மாடு யூரியாவை நேரடியாக உண்டால், அம்மோனியா கல்லீரல் சமாளிக்கக்கூடியதைவிட விரைவாக இரத்தத்தில் கலந்து சிறிது நேரத்திலேயே உயிரைப் பறிக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கும், அசைபோடாத குதிரை, கழுதை முதலியவற்றுக்கும் இந்த வைக்கோல் ஆகாது. கடுங்கோடையில் தண்ணீர் கிடைப்பதே அரிது என்பதால், கிணற்றில் நீர் இருக்கும் மாசி மாதத்திலேயே இதைச் செய்து வைப்பது அறிவுடைமை.

தண்ணீரையும் மறத்தலாகாது. ஒரு கிலோ உலர் தீவனத்துக்கு 4 முதல் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஐந்து கிலோ வைக்கோல் உண்ணும் மாட்டுக்கு 20 முதல் 25 லிட்டர். தண்ணீர் இல்லாமல் வைக்கோலை மட்டும் கொடுத்தால் அது இரைப்பையில் கட்டிபட்டுவிடும். வைக்கோல் லாரியின் பின்னால் தண்ணீர் லாரியும் ஏற வேண்டும் என்பதே இதன் பொருள். இவற்றோடு உப்பும் தாது உப்புக் கலவையும் சிறிதளவு சேர்ப்பது நலம்.

அன்பால் நேரும் விபத்துகள்

கொடுப்பவரின் நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. கொடை மாட்டைக் கொன்ற நிகழ்ச்சிகள் நம் ஊர்களில் அடிக்கடி நடப்பவை. நான்கு ஆபத்துகளைக் குறிப்பாக அறிந்து வைக்க வேண்டும்.

ஒன்று, சோறும் பொங்கலும். பட்டினி கிடந்த மாட்டின் மீது இரக்கப்பட்டு ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சோறோ, அரிசியோ, கஞ்சியோ வைப்பவர் உண்டு. திருமண வீட்டில் மீந்த சோற்றைக் கொண்டுவந்து கொட்டுபவரும் உண்டு. மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் தாளுக்குப் பழகியவை. திடீரென மாவுப்பொருள் வந்து குவியும்போது, அதை விரைவாக உண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பல்கிப் பெருகுகின்றன. இரைப்பை புளித்துவிடுகிறது. தாளை உடைக்கும் நுண்ணுயிரிகள் மடிகின்றன. உடல் நீர் இரைப்பைக்குள் இழுக்கப்பட்டு மாடு தள்ளாடுகிறது, வயிறு உப்புகிறது, ஓரிரு நாட்களில் இறந்தும் போகிறது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவமனைகளில் கூட்டம் சேர்வது இதனால்தான். இவ்வாறு நேர்ந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். தானியமோ தவிடோ கொடுப்பதாயின், சிறிதளவில் தொடங்கிப் பத்துப் பதினைந்து நாட்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். நுண்ணுயிரிகளின் கூட்டம் புதிய உணவுக்கேற்ப மாற அவ்வளவு காலம் பிடிக்கும்.

இரண்டு, பூசணம் பிடித்த வைக்கோல். மழையில் நனைந்து வந்த கட்டு உள்ளே கருத்துப் பூசணம் பிடிக்கும். வட இந்தியாவில் பூசண வைக்கோலைத் தின்ற எருமைகளுக்கு வால் நுனியும் காது நுனியும் அழுகி, குளம்பு கழன்று விழும் ஒரு நோய் உண்டு. டெக்னாலா நோய் என்று அதற்குப் பெயர். பூசணங்கள் சுரக்கும் நஞ்சு நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்வதால் நேர்வது அது. கைப்பிடி வைக்கோலை முகர்ந்து பாருங்கள். முக்கல் வாடை அடித்தால் அது குப்பைக்கு உரியது, தொழுவத்துக்கு உரியதன்று.

மூன்று, வாடிய இளஞ்சோளம். வறட்சியில் கதிர் வைக்காமல் குன்றிப்போன சோளப் பயிரை, ‘மாடாவது தின்னட்டும்’ என்று கொடுத்துவிடுவது வழக்கம். இளம் சோளப் பயிரில், அதிலும் வாடிக் குன்றிய பயிரில், சயனைடு என்னும் கொடிய நஞ்சை விடுவிக்கும் பொருள் மிகுந்திருக்கிறது. பச்சை மரவள்ளி இலையிலும் அதே ஆபத்து உண்டு. தின்ற சில நிமிடங்களில் மாடு மூச்சுத் திணறி விழும். பூத்த பின் அறுத்து, நன்கு உலர்த்திய சோளத்தட்டையே பாதுகாப்பானது.

நான்கு, பிளாஸ்டிக் பை. காய்கறிக் கழிவையும் பழத்தோலையும் பையோடு எறிந்தால் மாடு பையோடுதான் விழுங்கும். அது செரிக்காது, வெளியேறவும் செய்யாது, ஆண்டுக்கணக்கில் இரைப்பையில் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும்.

நாய்க்கும் பூனைக்கும்

கோவிவனின் வழித்தோன்றல்களையும் நாம் மறக்கலாகாது. வீட்டில் அரிசி குறைந்தால் முதலில் குறைவது நாயின் பங்குதான். அல்லது தன் பங்கைக் குறைத்துக்கொண்டு நாய்க்கு வைக்கும் முதியவர்களும் உண்டு. அமெரிக்காவில் முதியோர்களின் வீடுகளுக்கு உணவு கொண்டுசெல்லும் தொண்டர்கள் இதை நேரில் கண்டனர். கொடுத்த உணவில் ஒரு பகுதி நாய்க்கும் பூனைக்கும் போய்க்கொண்டிருந்தது. அதன்பின் அங்குப் பல ஊர்களில் மனிதருக்கான உணவோடு பிராணிகளுக்கான உணவையும் சேர்த்தே எடுத்துச் செல்லலாயினர்.

உணவுப் பஞ்சம் பற்றிய அச்சம் எவ்வளவு கொடியது என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும், குண்டு வீச்சுக்கும் உணவுத் தட்டுப்பாட்டுக்கும் அஞ்சி, லண்டன் மக்கள் தங்கள் நாய்களையும் பூனைகளையும் தாங்களே கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தனர். சில நாட்களுக்குள் லண்டனில் மட்டும் ஏறத்தாழ நான்கு லட்சம் பிராணிகள் இவ்வாறு மாண்டன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அப்போது ஒரு குண்டுகூட அந்நகரின் மீது விழுந்திருக்கவில்லை. அதே நகரில், 1917-இல், மேரியா டிக்கின் என்னும் பெண்மணி ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச மருத்துவம் செய்யும் நிலையம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். ஏழை ஒருவர் தன் பிராணியைக் கைவிடுவது அன்பின்மையால் அன்று, வழியின்மையால் என்பதை உணர்ந்த முயற்சி அது.

15 கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாய்க்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 850 கிலோ கலோரி ஆற்றல் தேவை. இது ஏறத்தாழ கால் கிலோ தானியத்தில் அடங்கும் ஆற்றல். நாய் மனிதனோடு வாழத் தொடங்கியபின் மாவுப்பொருளைச் செரிக்கும் திறனைப் பெருக்கிக்கொண்டது. ஓநாயைவிட நாயிடம் அதற்கான மரபணுப் படிகள் பல மடங்கு உள்ளன என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே சாமைச் சோறும் கேழ்வரகுக் கூழும் நாய்க்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் அவை மட்டும் போதா. முட்டையோ, மீனோ, வேகவைத்த இறைச்சிக் கழிவோ சேர வேண்டும். ஆடு வெட்டிய இடத்தில் கிடைக்கும் குடல், ஈரலைப் பச்சையாகப் போடக்கூடாது. அதிலுள்ள நீர்க்கட்டிப் புழு நாயின் குடலில் வளர்ந்து, அதன் முட்டைகள் மூலம் மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகளை உண்டாக்கும். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், சாக்லேட்டும் நஞ்சு.

இன்னொரு நன்மையும் உண்டு. உணவு வாங்க உரியவர் நாயுடன் வரும் இடமே, வெறிநோய்த் தடுப்பூசி போடுவதற்கு ஏற்ற இடம். ஒரு பிடி உணவோடு ஓர் ஊசியும் கிடைத்தால், காக்கப்படுவது நாய் மட்டுமன்று, அத்தெருவின் குழந்தைகளும்தான்.

தைமாதமே தொடங்குக

வைக்கோல் கொடையில் மிகப் பெரிய தடை, கருணைக் குறைவன்று, காலம் தாழ்த்துவதே. சித்திரையில் மாடு படுத்தபின் வைக்கோல் தேடினால், அப்போது விலை ஏறியிருக்கும். மாட்டுக்கு எழுந்து நிற்கும் தெம்பும் இராது. தை அறுவடையில் சமவெளியெங்கும் வைக்கோல் மலிந்து கிடக்கிறது. சில இடங்களில் அதை வயலிலேயே கொளுத்தியும் விடுகின்றனர். அந்த நேரத்தில் அதைச் சேகரித்து, இயந்திரத்தால் இறுகக் கட்டி மேலேற்றினால், ஒரு லாரியில் உதிரி வைக்கோலைவிட மிகுதியாக ஏற்றலாம். மலைப்பாதைக் கூலியும் குறையும். தரையில் கல்லோ கட்டையோ அடுக்கி, அதன்மேல் கட்டுகளை வைத்து, கூரை போட்டால் பூசணம் அணுகாது. சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுத்தால் காலில் மிதிபட்டு வீணாவதும் குறையும்.

யாருக்கு முதலில் கொடுப்பது என்பதையும் ஊரார் கூடி முன்னரே முடிவு செய்துகொள்ளலாம். எல்லா மாடுகளுக்கும் சிறிது சிறிதாகக் கொடுத்து எல்லாவற்றையும் இழப்பதைவிட, ஓர் உழவு எருது, ஒரு சினைமாடு, ஒரு கறவை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் அடிப்படையான ஒன்றிரண்டை முழுமையாகக் காப்பது மேல். கணவனை இழந்த பெண், முதியவர் முதலியோரின் ஒற்றை மாடு பட்டியலில் முதலில் இருக்க வேண்டும். அவர்களுக்கு அந்த மாட்டைத் தவிர வேறு முதல் கிடையாது.

மாணவர்களும் இதில் பங்கு பெறலாம். உங்கள் ஊரில் எத்தனை மாடுகள் உள்ளன, ஒவ்வொன்றும் சுமார் எத்தனை கிலோ எடை, 90 நாட்களுக்கு எத்தனை டன் தீவனம் வேண்டும், அறுவடையில் எத்தனை டன் தாள் கிடைக்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் கணக்கிடுங்கள். வேண்டுவதற்கும் இருப்பதற்கும் உள்ள வேறுபாடே உங்கள் ஊரின் தீவனப் பற்றாக்குறை. அந்த எண் தை மாதத்திலேயே தெரிந்திருந்தால், சித்திரையில் எந்த மாடும் சந்தைக்கு ஓட்டப்பட வேண்டியதில்லை.

பசுவுக்கு ஒரு கைப்பிடிப் புல் கொடுப்பதை அறமாகப் போற்றியவர்கள் நம் முன்னோர். அந்தக் கைப்பிடியின் அளவு என்ன, அது எந்த மாதத்தில் கொடுக்கப்பட வேண்டும், அதனோடு எதைச் சேர்க்க வேண்டும் என்பதை இன்று அறிவியல் கணக்கிட்டுச் சொல்கிறது. எருமைகளைக் காக்க அன்று ஒருவன் உயிரையே கொடுக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு மாட்டைக் காக்க அரை டன் வைக்கோல் போதும்.